மைக்கில் சொன்ன ‘நீ’

மூன்று வருடங்களுக்கு முன், மயிலாப்பூரில் நாங்கள் போகிற சர்ச்சில், ஒரு ஞாயிறு காலை ஆராதனையில் நடந்தது இது. நந்தனத்தில் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பக்கத்தில் ஆள் இருப்பதுபோல ஜெபம் பண்ணுவார். “இன்னாப்பா, பாத்துக்கினுதானே கீற? பொண்ணுக்கு நாளிக்கு பரீட்சை. கூடவே போய்ட்டு வா.” கடவுளிடம் பேசுவது என்றால் அதுதான் என்று நினைத்து வளர்ந்தேன்.

சர்ச்சில் வேறு தமிழ். அங்கே கடவுளை ‘நீர்’ என்பார்கள், இன்னும் மரியாதையாக ‘தேவரீர்’ என்பார்கள். ‘நீ’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்லூரிக்குப் போன புதிதில் அந்தத் தமிழை வேகமாகப் பிடித்துக்கொண்டேன். அதோடு நிற்காமல் ஒருநாள் அம்மாவையும் திருத்தினேன். “கடவுள நீ வா போன்னு பேசாதம்மா, அசிங்கமா இருக்கு.” அதன்பிறகு என் காதில் விழும்படி அம்மா ஜெபித்ததே இல்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அந்த ஞாயிறு, சபையில் எல்லோருக்காகவும் மைக்கில் ஜெபிக்கிற பொது மன்றாட்டை நடத்தும் முறை எனக்கு வந்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த மைக் முன் நின்றதில்லை. ஜெபத்தை எழுதி, சபைச் செயலரிடம் காட்டிச் சம்மதமும் வாங்கிவிட்டேன். அதே வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கர்ப்பப்பையில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

“ஜெபம் பண்ணியாம்மா?” என்று கேட்டேன்.

“எனுக்கு மரியாதையா கேக்க வராதுடி. நீதான் படிச்சவ. நாளிக்கு மைக்குல நீயே கேளு.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நம்பிவிட்டார். பயத்தில் கிடக்கிறவருக்கு இருந்த ஒரே துணையையும் நான் பறித்திருந்தேன்.

ஞாயிறு காலை, எழுதியதைப் பிசகாமல் வாசித்தேன். ‘தேவரீர் இரங்கியருளும்’ என்று நோயாளிகள் பெயர்வரை வந்தாகிவிட்டது. மூன்றாவது பெயர் அம்மாவுடையது. அதற்குமேல் அந்தத் தமிழ் எனக்கு வரவில்லை. தாளை மடித்துவிட்டேன்.

“யப்பா, எங்கம்மா பயந்துக்கினு கீது. நாளிக்கு என்ன உள்ள வுடமாட்டாங்க. நீ போ. கூடவே இரு. அது உங்கிட்ட பேசாம இருந்தா, அதுக்குக் காரணம் நான்தான். அத ஒண்ணும் சொல்லாத.”

பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் “ஆமென்” என்று சத்தமாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் செயலர் பிடித்துக்கொண்டார். “என்னம்மா இது, நீ, போன்னு? உங்க வீட்ல அப்பாவ இப்படித்தான் கூப்புடுவியா?”

“ஆமா அங்கிள். இப்படித்தான் கூப்புடுவேன்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இனிமே உனக்கு மைக் கிடையாது.”

“பரவால்ல அங்கிள். மைக் இல்லன்னாலும் அவருக்குக் கேக்கும்.”

சாயந்திரம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். செய்த தப்புக்கு மன்னிப்பும் கேட்டேன். “மைக்குலயேவா? அடிப்பாவி!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். “வந்துட்டியாப்பா? வா, போலாம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் மைக்கில் கேட்டதால்தான் என்று சொல்ல மாட்டேன். அப்படி முடியாமல் போயிருந்தாலும் அவர் தனியாக உள்ளே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். சர்ச்சுக்கு இன்னும் போகிறேன், முன்வரிசையில்தான் உட்காருகிறேன். என் கடவுளை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன், அதை யாரும் திருத்த வேண்டாம். இன்னொருவர் ஜெபத்தைத் திருத்தும் தகுதி என் படிப்புக்கும் இல்லை.