அம்மா அமுக்கிய பிறகு

லிஃப்டில் ஒரு பெண் தன் கணவரிடம், "அமுக்கிட்டேன்" என்றார். என் விரல் அங்கே இல்லாத எண்டர் விசையைத் தேடியது.

என் சிறுவயதில் மலேசியாவின் தங்காக்கில் அம்மா தையல் வேலை செய்தார். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகள் எல்லாம் அவருடைய கையடக்க மின்குறிப்பேட்டில் இருந்தன. ஒரு தீபாவளி நெருங்கியபோது அதில் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி முழுதாகத் தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். அதற்குள் அளவுகளைக் கணினிக்கு மாற்ற வேண்டும்.

அப்பாவின் கணினியில் லினக்ஸ் இருந்தது. அவர் யுஎஸ்பி கம்பியைச் செருகி, கட்டளையை அடித்து எண்டர் தட்டிவிட்டு, "இப்ப அமுக்கு" என்பார். அம்மா குறிப்பேட்டைப் பொருத்தி வைத்திருந்த தாங்கியில் உள்ள பொத்தானை அமுக்குவார். கருவி இல்லை என்று திரையில் வரும். மூன்று நாளும் இதே கதை.

நான்காம் நாள் அம்மா பொறுமையிழந்து முதலிலேயே அமுக்கிவிட்டார்.

"அலமாக்! நான் சொல்றதுக்கு முன்னாடியே ஏன் அமுக்குன?" என்றபடி அப்பா எண்டர் தட்டினார். திரையில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஓடின. பொத்தானை அமுக்கிய பிறகுதான் கணினிக்குக் கருவி தெரியும் போலிருக்கிறது.

"மூணு நாளா உங்க பேச்ச கேட்டதுதான் தப்பு லா" என்றார் அம்மா.

குறிப்பேட்டைப் பழுது பார்த்த பிறகும் அளவுகளை அவ்வப்போது கணினிக்கு மாற்றினோம்; எண்டர் தட்டும் வேலை எட்டு வயதான எனக்கு வந்தது. அம்மா "அமுக்கிட்டேன்" என்ற பிறகே தட்டுவேன்.

லிஃப்ட் மேல்மாடியில் நின்றது. நான் இறங்க வேண்டிய மாடிக்குப் பொத்தானை அமுக்கவே இல்லை.