தலைப்புப் பட்டையும் பதினோரு நிமிட வீடியோவும்

அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்தது அண்ணன்தான். ஆள் ஒல்லி, கோபம் வர ஒரு உரசல் போதும். நாற்பத்திரண்டு வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை. அண்ணிகூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவள் வேலை செருகுநிரல் எழுதுவது. புத்தகப் பக்கங்களை வடிவமைக்கப் பெரிய மென்பொருள் ஒன்று இருந்தது. பல அச்சகங்கள் அதை வைத்துத்தான் ஓடின. அதில் இல்லாத வசதிகளை வெளியாட்கள் சின்ன நிரல்களாக எழுதி அதனுள் செருகிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் திரையின் ஓரத்தில் ஒரு கட்டமாகத் திறக்கும். அதற்குப் பேனல் என்று பெயர். பேனலின் தலையில் ஒரு பட்டை இருக்கும். இடப்பக்கம் பேனலின் பெயர், வலப்பக்கம் அதை மூடுவதற்கான பெருக்கல் குறி. தையல்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து அவள் ஒன்பது வருடமாக இப்படிப் பேனல்கள் செய்துவந்தாள். கீழே நான்கு இயந்திரங்களும் சேர்ந்து ஓடினால் மேசை அதிரும். அண்ணனுக்குக் கண் கெடும்வரை அந்தப் பட்டையை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அண்ணன் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பக்க வடிவமைப்பாளர். பள்ளிப் பாடப்புத்தகம், அதிலும் கணக்குப் புத்தகம் என்றால் அவரிடம்தான் வரும். இரண்டு வருடமாக அவருக்கு நடுப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது கரைந்துபோகும். கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அச்சகத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்துவலி என்று சொல்லித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, எழுத்துகளை நான்கு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு வேலை பார்த்தார். விஷயம் அண்ணிக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும்.

அவருக்காக அவள் மூன்று நாளில் ஒரு பேனல் செய்தாள். அவர் அடிக்கடி தேடும் ஆறு கட்டளைகள், ஆறு பெரிய பட்டன்கள். ஒரு விடுமுறை நாளில், பாதி முடித்திருந்த கணக்குப் புத்தகத்தோடு அவர் அவள் அறைக்கு வந்து பயன்படுத்திப் பார்த்தார். நான்கு மடங்கு பெரிதானதும் தலைப்புப் பட்டை மரப்பலகைபோல் தடித்து, கடைசி இரண்டு பட்டன்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. மேல் பட்டனைத் தொடப் போனால் சுட்டி பெருக்கல் குறியில் போய் விழும். பேனல் மறைந்துவிடும். மறுபடி கண்டுபிடிக்க அவர் திரை முழுக்கத் துழாவ வேண்டும்.

"இந்தப் பட்டை எதுக்கு?" என்றார் அண்ணன்.

"பேர் காட்டறதுக்கு."

"என்ன பேரு?"

"அண்ணன் பேனல்."

"அது எனக்கே தெரியுமே. எடுத்துடு."

"முடியாதுண்ணா. உள்ள இருக்கறதுதான் என்னோடது. பட்டை மென்பொருள் கம்பெனியோடது."

"நல்லாயிருக்கு. வீடு உன்னோடது, வாசக்கதவு அவங்களோடதா?"

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே விவரக் குறிப்புகளையெல்லாம் குடைந்தாள். வழி இல்லை. ஆனால் கம்பெனியின் சொந்த வண்ணப் பேனலுக்கும் எழுத்துருப் பேனலுக்கும் தலைப்புப் பட்டையே கிடையாது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. தங்களுக்கு வேண்டாதபோது கழற்றிவைக்கத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு மட்டும் முடியாதாம். கம்பெனியின் விவாதப் பக்கத்தில், பட்டையை மறைக்க விடுங்கள் என்று ஆறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குக் கீழே நூற்றெண்பது பேர் அதையே கேட்டிருந்தார்கள். உங்கள் ஆலோசனைக்கு நன்றி, பரிசீலனையில் உள்ளது என்று வருடத்துக்கு ஒரு பதில். தேதி மட்டும்தான் மாறியிருந்தது.

அவள் மூன்று முறை பணிவாக எழுதினாள். நான்காவதை, ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று பூட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் செருகுநிரல் எழுதுபவர்களுக்காகக் கம்பெனி ஓர் இணையவழிக் கூட்டம் வைத்தது. மேலாளர் கையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க பேனலுக்குத் தலைப்புப் பட்டை இல்ல. எங்களுக்கு மட்டும் ஏன்?" என்றாள்.

"பாதுகாப்புக்காகத்தாங்க. எந்தப் பேனல் யாரோடதுன்னு பயன்படுத்தறவங்களுக்குத் தெரியணும்."

"பயன்படுத்தறவரே வேண்டாம்னு சொல்றாரு. வேண்டாதவங்க மறைச்சுக்கட்டும்னு விடுங்களேன்."

"அப்படிக் கேக்கறவங்க ரொம்பக் கம்மிம்மா. வெறும் அழகுக்காக எங்க ஆளுங்களை மெனக்கெடச் சொல்ல முடியாது."

"அழகுக்கா?" என்றாள். அதற்குள் அவர் அவளுடைய ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.

அழகு என்ற அந்தச் சொல்லை அவளால் விட முடியவில்லை. அண்ணன் வந்த அன்று, பிழைகளைத் திருத்த உதவும் என்று திரையில் நடந்ததையும் அவர் குரலையும் அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். அவருக்கும் அது தெரியும். பதினோரு நிமிடம். பேனல் ஐந்து முறை காணாமல் போகிறது. சுட்டி திரை முழுக்க அலைகிறது. "எங்க போச்சு, இங்கதானே இருந்துச்சு" என்று அண்ணன் முணுமுணுக்கிறார். அவள் அதை அப்படியே விவாதப் பக்கத்தில் ஏற்றினாள். நீங்கள் சொன்ன அழகு இதுதான் என்று ஒற்றை வரி எழுதினாள். முகம் தெரியவில்லையே என்று நினைத்தாள். அண்ணனைக் கேட்கவில்லை.

நான்கே நாளில் வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. அடுத்த பதிப்பில், செருகுநிரல் எழுதுபவர்கள் விரும்பினால் தலைப்புப் பட்டையை மறைக்கலாம் என்று கம்பெனி அறிவித்தது. படித்ததும் அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்த அண்ணி வழிவிடவில்லை. "இப்ப வேணாம். போயிட்டு அப்புறம் வா."

"என்ன அண்ணி?"

"அச்சகத்துல எல்லாரும் பாத்துட்டாங்க. இருபத்தாறு வருஷமாக் கேட்ட குரலாச்சே, தெரியாதா? திரையில இருந்ததும் அவங்க புத்தகம்தான். சொல்லியிருக்கலாமேன்னு மேற்பார்வையாளர் நல்லவிதமாத்தான் பேசினாராம். நாளையிலேருந்து போன் மேசையாம். ஆர்டர் எழுதிக்கிற வேலை."

உள்ளே இருந்து அண்ணன் வந்தார். "என்னைக் கேட்டியா?"

"முகம் தெரியலண்ணா."

"ரெண்டு வருஷமா மூச்சுக் காட்டாம மறைச்சேன். நீ பதினோரு நிமிஷத்துல ஊருக்கே போட்டுக் காட்டிட்டே."

"அந்தாளு அழகுக்காகன்னு சொன்னாண்ணா."

"அவன் சொன்னா அவனைத் திட்டு. அவன் மேல எறியறதுக்கு நான்தான் கிடைச்சனா?"

அப்போதாவது அவள் வாயை மூடியிருக்கலாம். "இதெல்லாம் யாருக்காகப் பண்ணேன்?" என்று கேட்டுவிட்டாள். அண்ணன் கதவைச் சாத்தினார். திரும்பி நடக்கும்போது அவளுக்கு மேலாளர் மேல் கோபம், மேற்பார்வையாளர் மேல் கோபம், கதவைச் சாத்தியவர் மேலும் கோபம். தெரு முனை வந்தபோதுதான் தன் மேல் வந்தது. அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் வீடியோவை அழித்தாள். ஆனால் அதன் நகல்கள் யார் யார் கையிலோ இருந்தன.

இரண்டு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. ஆறு வருடம் பரிசீலனையில் கிடந்தது கடைசியில் ஒரே ஒரு வரி. பட்டை வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. அவள் இல்லை என்று எழுதினாள். பட்டை போய் ஆறு பட்டன்களும் திரைக்குள் வந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்தபோது அவளுக்கு மேசையைக் கவிழ்த்துவிடலாம்போல் இருந்தது. அதே வாரம் மேலாளரிடமிருந்து கடிதம். உங்கள் நெகிழ்ச்சியான வீடியோவை எங்கள் வெளியீட்டு விழாவில் திரையிட விரும்புகிறோம் என்றிருந்தது. அது என் அண்ணனின் வேலை போன கதை, உங்கள் மேடைக்கு வராது என்று பதில் அனுப்பினாள்.

புதிய பேனலை அண்ணி வழியாகக் கொடுத்தனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் சண்டையாகிவிடும் என்று பயம்.

மூன்று வாரம் கழித்து அண்ணனே போன் செய்தார். எடுத்ததும், "மேல் பட்டனை இன்னும் கொஞ்சம் பெருசாக்கு" என்றார்.

"போன் மேசையில உனக்கு எதுக்குண்ணா பட்டன்?"

"காலையில பழையபடி பக்க வேலை, மதியத்துக்கு மேல போன். எட்டுப் பக்கம் செஞ்சு காட்டறேன், பிழை பாக்கறவர்கிட்ட குடுங்கன்னு சொன்னேன். குடுத்தாங்க. ரெண்டு தப்பு. கண்ணு நல்லா இருந்தப்பவே மூணு விடுவேன். அப்படியும் அரை நாள்தான் தந்திருக்காங்க. பாதிப் பார்வைக்குப் பாதி நாளாம்."

"நான் வந்து பேசட்டுமா?"

"நீ பேசினது போதும். மீதி அரை நாளை நான் கேட்டு வாங்கிக்கறேன்."

"இன்னும் கோபமா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. சட்டுனு போற கோபம் இல்ல இது. பட்டன் எப்ப வரும்?"

அன்று மதியமே அனுப்பிவிட்டாள். இப்போது ஒவ்வொரு மாதமும் அவர் அவள் அறைக்கு வந்து பேனலைச் சோதித்துப் பார்க்கிறார். திரையைப் பதிவு செய்ய மட்டும் விடுவதில்லை. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தடுமாறும் இடங்களையெல்லாம் பேனாவால் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். போகும்போது அந்தத் தாளையும் அவர் கிழித்து வாங்கிக்கொண்டுதான் போகிறார்.