வாசல் வரை வந்தவர்

அகளியில் நாங்கள் கட்டிய கல்யாண மண்டபத்தை ஒப்படைக்கும் முன் தரம் பார்க்க வந்தவர் அவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. பேனாவால் டைல்ஸைத் தட்டி, குனிந்து காது கொடுத்துக் கேட்பார். அடியில் கலவை நிரம்பாவிட்டால் டொப்பென்று சத்தம் வரும். ஆனால் எந்த சைட்டிலும் அவர் வாசலைத் தாண்டித் தட்டியதில்லை. அது தெரிந்த எங்கள் மேஸ்திரி வாசலில் மட்டும் ஒழுங்காகப் பதித்திருந்தார்.

சூப்பர்வைசரான நான் மனசு கேட்காமல், “உள்ள பாக்கலீங்களா?” என்றேன்.

“ஏனுங்க, வாசலே இப்படி இருந்தா உள்ள எதுக்குங்க?” என்று கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அவரே போனில் அழைத்தார். “என்ற ஊட்டு வேலை முடிஞ்சுதுங்க. டைல்ஸ் தட்டிப் பாக்க ஒரு நல்ல ஆளாச் சொல்லுங்க. உள்ள ரூமெல்லாம் ஒண்ணு விடாமத் தட்டோணும்.”

யாரைச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.