நாற்றங்காலில் திரும்பும் பேருந்து

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இன்று நினைவுநாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி அவர் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐம்பது வருஷம் அவரோடு மல்லுக்கட்டிய தங்கை நான். வெறும் புகழ்ச்சியாக எழுத எனக்கு வராது. எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது வெண்ணாற்றங்கரையில் இதே ஊரில்தான். அப்பா பண்ணை வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் அவர் சேர்த்து வைத்தது ஒரு ஏக்கர் வரும் மூன்று மா வயலும், ஊர்க் கோடியில் ரோட்டை ஒட்டி ஒரு நாற்றங்காலும். எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான் உண்டு. மேலே படிக்க வேண்டுமானால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்து, அங்கே பஸ் பிடிக்க வேண்டும். அண்ணன் சைக்கிளில் போய்ப் பத்தாவது முடித்தார். என் முறை வந்தபோது, "வயசுக்கு வந்த புள்ளைய ஆளில்லாத ரோட்டுல எப்படி அனுப்புறது?" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். நான் நடவுக்குப் போனேன். அண்ணன் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகு காலம் இருந்தது.

அன்றைக்கு வாயைத் திறக்காதவர் பிற்பாடு திறந்தார் பாருங்கள், மூடவே இல்லை. திங்கட்கிழமையானால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். இங்கே வயலில் களை மண்டிக் கிடக்கும். ஊருக்குள் காலையும் மாலையும் ஒரு பேருந்து விட வேண்டும், பெண் பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுபோகிறார்கள் என்று மனு. ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றேதான்: "பேருந்து திரும்புவதற்குப் போதிய இடவசதி இல்லாத காரணத்தால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை." அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்திரமாக வைத்திருந்தார். அண்ணி இரண்டு முறை அதை அடுப்பில் போடப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை, அவருக்குச் சர்க்கரை கூடித் தலை சுற்றுகிறது என்று நானும் துணைக்குப் போனேன். மனு வாங்கிய அம்மையார் தன்மையாகத்தான் கேட்டார்.

"இவ்வளவு அலையிறீங்களே பெரியவரே, உங்க வீட்ல படிக்கிற பொண்ணு இருக்கா?"

"இருக்குங்க. என் தங்கச்சி. எட்டாவது முடிச்சிருக்கு."

அந்த அம்மையார் எட்டிப் பார்த்துப் பள்ளிப் பிள்ளையைத் தேடினார். குடையும் மருந்துப் பையுமாகப் பக்கத்தில் நின்றது நான்தான். எனக்கு நாற்பத்தாறு வயது, பேரன் பிறந்து மூன்று மாதம். வெட்கத்தில் உயிரே போய்விட்டது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே, நாலு பேரு முன்னாடி மானத்த வாங்குறீங்க?"

"பொய்யா சொன்னேன்? எட்டாவது முடிச்சுட்டுத்தானே நிக்கிற?"

மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர் வரை அவருக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமே அந்த நாற்றங்காலை, பேருந்து திரும்புவதற்கென்று ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். யாரிடமும் மூச்சு விடவில்லை. "நாத்தங்காலக் குடுத்துட்டு நாத்த எங்க விடுவீங்க, என் தலையிலயா?" என்று அண்ணி கத்தினார்கள். "பாப்பா வயல்ல ஒரு ஓரமா விட்டுக்கலாம்" என்றார். பாப்பா என்றால் நான். என் வயலில் விடப்போவது எனக்கே அப்போதுதான் தெரியும்! அதற்குப் பிறகு ஒவ்வொரு குறுவைக்கும் எங்கள் வயலில் வந்து நாற்று விட்டுவிட்டு, தண்ணீர் சரியாகப் பாயவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் குறை வேறு சொல்வார்.

கிராவல் அடித்து மேடாக்கினார்கள். பேருந்து வந்தது. முதல் நாள் ஆறு பெண் பிள்ளைகள் ஏறினார்கள். அண்ணன் எங்கிருந்தோ ஒரு விசில் வாங்கிவந்து, பின்னால் நின்று ஊதி ஊதிப் பேருந்தைத் திருப்பிவிட்டார். "என் பொழப்ப ஏன் கெடுக்குறீங்க?" என்று கண்டக்டர் கேட்டதற்கும் சிரித்தார். படுக்கையில் விழும்வரை அந்த விசிலை அவர் விடவில்லை.

நம் சனங்களைத்தான் சொல்ல வேண்டும். இடம் மேடாகக் கெட்டியாக இருக்கிறதென்று உளுந்தைக் கொண்டுவந்து காயப் போடுகிறார்கள். அறுப்பு மிஷினை நிறுத்துகிறார்கள். கேட்டால், "அஞ்சு நிமிசந்தானே அத்தை" என்கிறார்கள். கண்டக்டர் என்னிடமே சொல்லிவிட்டார்: "திரும்ப இடமில்லைன்னு ரெண்டு நாள் எழுதிக் குடுத்தோம்னா ட்ரிப்பத் தூக்கிருவாங்கம்மா. அப்புறம் நீங்கதான் மனுவோட அலையணும்."

கடைசியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேச்சுக் குழறியபோதும் அண்ணன் என்னைக் கேட்டது, "பஸ்ஸு திரும்புச்சா?" என்றுதான். அவரை எடுத்த அன்று காலை அது திரும்ப வழியில்லை. வேறு இடமில்லை என்று நம் ஆட்கள் அங்கேயே பந்தல் போட்டிருந்தார்கள். பேருந்து பாலத்தில் நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை. பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். "எழவு வீட்டுப் பந்தலப் பிரிக்கச் சொல்றவள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சித்தப்பா திட்டினார்கள். அழுதுகொண்டே நானே கயிற்றை அவிழ்த்தேன். டிரைவர் ஹாரன் அடிக்காமல் திருப்பிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த மருமகனுக்கும், இரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர், நண்பர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கோபித்துக்கொண்டாலும் இன்று முதல் ஆளாக வந்திருக்கும் சித்தப்பாவுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். இன்று பள்ளி நாள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். இதைப் படிப்பவர்களில் யாருடைய காராவது நாற்றங்காலில் நின்றால், சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எழுந்துபோய் எடுத்துவிடுங்கள். அண்ணனுடைய விசில் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.