ஷிப்டுக்கு இரண்டு சொட்டு

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியை விட்டுத் திருப்பூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் மூக்குச் சொட்டு மருந்து. யாரும் துரத்தவில்லை. செக்கிங் டேபிளில் என் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து, வெள்ளைப் பனியன் ஏழெட்டில் பட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா அவற்றை உருவித் தனியே போட்டுவிட்டு, "ஏனுங்க, இது வெள்ளை ஆர்டருங்க. செகப்பு அடுத்த மாசந்தான்" என்றார். சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை அந்த அக்காவைச் சங்கடத்தில் விட வேண்டாம் என்று நானே கிளம்பினேன்.

பஞ்சுத் தூசியில் எனக்கு மூக்கு அடைக்கும். ஆரம்பத்தில் சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் திறந்தது. பிறகு அரை மணி ஆயிற்று. பிறகு திறக்கவே இல்லை. மூச்சு முட்டியதால் இன்னும் விட்டேன்.

திருப்பூரில் பஸ் ஏறித் தாராபுரத்தில் இறங்கியதும் மறுபடி ரத்தம். எதிரே தெரிந்த சிறிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். டாக்டரம்மா மூக்கை அழுத்திப் பிடித்தபடி பாட்டிலைப் பார்த்தார்.

"எத்தனை தடவை விடறீங்க?"

"மருந்துக் கடையில ரெண்டு வேளைன்னாங்க. நான் ஷிப்டுக்கு ரெண்டுன்னு வெச்சுக்கிட்டனுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை ஷிப்டு?"

"ஒண்ணரைங்க. சரக்கு அவசரம்னா ரெண்டு. இப்பக் கணக்கே இல்லீங்க."

அவர் சிரித்துவிட்டார். "நல்லவேளை, ஓவர்டைம் கேக்காம மூக்கு ஸ்ட்ரைக் பண்ணிருச்சுங்க."

பிறகு அவர் சொன்னதை, என் எட்டாம் வகுப்புக்கு எட்டியவரை எழுதுகிறேன். ரத்தத்தில் பிளேட்லெட் என்று துணுக்குகள் இருக்கின்றன. காயம் பட்டால் ஓடிவந்து ஒட்டி அடைப்பவை. படிக்கும்போது அவர் அவற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, என் சொட்டுக்கு உறவான ஒரு மருந்தை விட்டாராம். ஒன்றோடொன்று ஒட்டின. இன்னொரு குழாயில் ஒட்டாத அளவுக்குச் சிறிதாக விட்டு, நெடுநேரம் ஊறவைத்து, பிறகு அதே மருந்தை நிறைய விட்டாராம். அசையவில்லை.

"சாகலைங்க. வேற மருந்து விட்டா ஒட்டுச்சு. இது கூப்பிடறது மட்டுந்தான் காதுல விழல. உங்க மூக்கும் அந்த மாதிரிதான். சொட்டு விட்டு விட்டு உள்தோல் காஞ்சு வெடிச்சதுதான் இந்த ரத்தம்."

"திரும்பக் கேக்குமுங்களா?"

"நிறுத்தினாக் கேக்கும். ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினாத் தவிச்சுப்போயிருவீங்க. மொதல்ல வலது மூக்குக்கு லீவு விடுங்க. இடதுக்கு ராத்திரி மட்டும் ஒரு சொட்டு. வலது தெளிஞ்சதும் இடதுக்கும் லீவு. பஞ்சுப் பக்கம் போயிராதீங்க."

எத்தனையோ ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். என் மூக்குக்கு லீவு கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அன்றிரவு வலது பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டது. பாட்டிலை இரண்டு தடவை கையில் எடுத்தேன், வலதில் விடவில்லை.

மறுநாள் காலை அமராவதிக் கரையோரம் ஒரு தோட்டத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வாயால் மூச்சு விட்டபடி ஈரமண்ணில் குந்திப் பிடுங்கினேன்.