கை தட்டிப் பார்த்த மேசன்

எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு டைல் பதிக்க வந்த மேசன் கிண்ணியாக்காரர். தாடியில் எந்நேரமும் சீமெந்துத் தூள் படிந்திருக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒருமுறை கை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அளவு டேப்பை எடுப்பார். நான் பாட்டுக் கேட்கும் அறையில் தட்டியவர், டேப்பைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டார்.

"இதுக்குள்ள பதிக்க மாட்டன் சேர். இப்பவே சத்தம் திரும்பி வருது. டைலும் போட்டா உங்கட பாட்டு தண்ணித் தாங்கிக்குள்ள பாடின மாதிரித்தான் கேக்கும். சீமெந்துத் தரையில கம்பளத்த விரிச்சு விடுங்க."

"வீடு என்ட. நான் சொன்னதைச் செய்யுங்கோ."

"ஓம், வீடு உங்கட. கை என்ட. பிழையெண்டு தெரிஞ்சு பதிக்க ஏலாது."

மற்ற அறைகளைக் கண்ணாடி போல முடித்துக் கொடுத்தார். அதை மட்டும் தொடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வேறொருவரைப் பிடித்து அங்கேயும் பதித்தேன். இப்போது வயலின்கூடத் தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்துதான் வருகிறது.

போன கிழமை துறைமுக வீதியில் அவரைக் கண்டேன். சிரித்துக்கொண்டு ஒருமுறை கை தட்டினார்.

அன்றைக்கே கம்பளம் வாங்கிவிட்டேன். கதவுக்குப் பின்னால் சுருட்டியபடியே நிற்கிறது. விரித்தால் அவர் வென்றதாகிவிடும்.