கடல் பக்கம் இழுத்த ஸ்டியரிங்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டுக்குக் கார் ஓட்டினேன். ஊரில் யாரும் பார்த்திராத பவர் ஸ்டியரிங் வண்டி. அதற்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் எங்கும் கிடைக்காததால், தோணி இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன்.

"பிரேக் ஆயில் ஊத்துனா ரப்பர் ஊதிப்போயிரும் அண்ணாச்சி. சுறா எண்ணெய் ஊத்துவோம். தோணிக்கே அதத்தான பூசுதோம்" என்றான்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சரி என்றேன்.

மறுநாள் உச்சி வெயிலில் ஆறுமுகநேரி போகும் உப்பளச் சாலையில், ஸ்டியரிங் தானாக இடப்பக்கம், கடலை நோக்கித் திரும்பியது. பானெட்டுக்குள் யாரோ மூச்சை அடக்கி முனகுவது போலிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துத்தான் போய்த் திரும்பினேன்.

மெக்கானிக் எண்ணெயை வடித்துவிட்டு, "வால்வு ஒரு பக்கமா ஒட்டியிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"ஏலே, ஒரு பக்கம்னா, திரும்பி வாரப்போ ஏன் வலப்பக்கம் இழுத்துச்சு? கடல் எந்தப் பக்கம்னு வால்வுக்கு எப்படித் தெரியும்?"

வடித்த எண்ணெயைக் கடலில் கொட்டப் போனவன், பாதி வழியில் நின்று, எண்ணெயோடு திரும்பி வந்துவிட்டான்.